மாட்டு மருந்தால் நாய்க்குப் புழு நீக்குவது: எது தரலாம், எதைத் தொடவே கூடாது

ஆடு, மாடு, குதிரைக்கென்று விற்கும் குடற்புழு மருந்துகளில் சிலவற்றின் மூலப்பொருளும், நாய்க்கான மாத்திரைகளில் இருப்பதும் ஒன்றேதான். பெரிய பாட்டிலாக வாங்கினால் ஒரு வேளைக்கு ஆகும் செலவு குறையும். அதனால்தான் பண்ணை வைத்திருப்பவர்களும், பத்துப் பதினைந்து நாய்களைப் பராமரிப்பவர்களும் இந்த வழிக்கு வருகிறார்கள்.

மாட்டு லேபிளில் போட்டிருக்கும் அளவை நாயின் எடைக்குச் சுருக்கிக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தில் அப்படிச் செய்தால் புழு சாகாது. ஐவர்மெக்டின் என்ற மருந்தில் அப்படிச் செய்தால் சில நாய்கள் செத்தே போகும். ஒரு மருந்தில் நாய்க்கு மாட்டை விடப் பல மடங்கு அதிகம் வேண்டும், இன்னொன்றில் பல மடங்கு குறைவாக வேண்டும். ஆகவே மாட்டு அளவு எந்த மருந்துக்கும் வழிகாட்டி ஆகாது. நாய்க்கான அளவு தனி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்நடைக்கென்று அனுமதி பெற்ற மருந்தை நாய்க்குத் தருவது லேபிளுக்கு வெளியே போகும் பயன்பாடு. பல நாடுகளில் அதைக் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலோடுதான் செய்யலாம். பாட்டிலை நேரில் கொண்டுபோய்க் காட்டி, அளவை எழுதி வாங்கிக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

முதலில் எந்தப் புழு என்று தெரிய வேண்டும்

உருளைப்புழு வெள்ளை நூடுல்ஸ் போல, ஒரு சாண் நீளம் வரைகூட இருக்கும். வாந்தியிலோ மலத்திலோ கண்ணுக்கே தெரியும். குட்டிகளுக்கு வயிறு உப்பி, முடி பொலிவிழந்து இருந்தால் பெரும்பாலும் இதுதான். கொக்கிப்புழு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான்; வெறும் கண்ணால் மலத்தில் பார்ப்பது அரிது. ஆனால் இரத்தம் உறிஞ்சும். ஈறு வெளுத்து, மலம் கருப்பாகத் தார் போலப் போனால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். சாட்டைப்புழு பெருங்குடலின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு, விட்டுவிட்டுச் சளியும் இரத்தமும் கலந்த பேதியைத் தரும்.

நாடாப்புழுவின் அடையாளம் வேறு. ஆசனவாயைச் சுற்றியோ, படுக்கும் இடத்திலோ அரிசி போன்ற துண்டுகள் ஒட்டியிருக்கும்; புதிதாக விழுந்தவை நெளியும், காய்ந்தவை பொன்னிறமாகிவிடும். நாயில் அதிகம் காணப்படும் நாடாப்புழு, நாய் தன்மேல் உள்ள தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்கும்போது உள்ளே போகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

புழு கண்ணில் படாவிட்டால் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி அளவு புது மலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். உறையவிடக் கூடாது. சாட்டைப்புழு விட்டுவிட்டுத்தான் முட்டையிடும் என்பதால், ஒரு முறை இல்லையென்று வந்தாலும் மறுபடி பார்ப்பது நல்லது.

ஃபென்பெண்டசோல்: கால்நடை மருந்துகளில் நாய்க்கு ஒத்துவருவது

உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றையும் இது கொல்லும். டீனியா வகை நாடாப்புழுவையும் கொல்லும். தெள்ளுப்பூச்சியால் வரும் நாடாப்புழுவை இது ஒன்றும் செய்யாது. அரிசித் துண்டுகளைப் பார்த்துவிட்டு ஃபென்பெண்டசோலை இரட்டிப்பாக்கிக் கொடுப்பவர்கள் பலர். எவ்வளவு கொடுத்தாலும் அது போகாது. இதயப்புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நாய்க்கான அளவு: உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து 3 நாள்.

மாட்டுக்கு இதே மருந்து கிலோவுக்கு 5 முதல் 7.5 மில்லிகிராம், ஒரே வேளை. காரணம் வயிற்றின் அமைப்பில் இருக்கிறது. அசைபோடும் விலங்கின் பெருவயிறு மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் குடலுக்கு அனுப்பும். நாயின் குடலில் அது சீக்கிரம் கடந்து போய்விடும். இந்த மருந்து புழுவை உடனே அடித்துப் போடுவதில்லை. புழுவின் உடம்புக்குள் உணவு கடத்தும் வேலையை முடக்கிப் பட்டினி போட்டுத்தான் கொல்கிறது. அதற்கு மருந்து தொடர்ந்து புழுவோடு இருக்க வேண்டும். மூன்று நாள் என்பது அதற்காகத்தான். முதல் நாளே புழு வந்துவிட்டது என்று நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மூன்று நாள் மருந்தையும் ஒரே நாளில் ஊற்றினாலும் அந்தப் பலன் கிடைக்காது.

அளவு கணக்கு

லேபிளில் சதவீதம் போட்டிருந்தால் அதை 10-ஆல் பெருக்குங்கள். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று வரும். 10% என்றால் மில்லிக்கு 100 மி.கி., 2.5% என்றால் 25 மி.கி. பிறகு:

நாயின் எடை (கிலோ) × 50 ÷ ஒரு மில்லியில் உள்ள மி.கி. = ஒரு நாளுக்கான மில்லி

10% சஸ்பென்ஷனில் (மருந்துத் துகள் கலந்த திரவத்தில்) இது கிலோவுக்கு அரை மில்லி என்று அமையும்:

2 கிலோ: 1 மில்லி
5 கிலோ: 2.5 மில்லி
10 கிலோ: 5 மில்லி
20 கிலோ: 10 மில்லி
30 கிலோ: 15 மில்லி

2.5% பாட்டிலில் கிலோவுக்கு 2 மில்லி ஆகிவிடும். 20 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 40 மில்லி! அதைக் குடிக்க வைப்பதற்குள் பாதி தரையில் போகும். பெரிய நாய்க்கு 10% பாட்டிலோ மாத்திரையோதான் சரி. வேறு யாரோ சொன்ன மில்லிக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில் உள்ள சிக்கலும் இதுதான். அவர் கையில் 10% இருந்திருக்கும், உங்கள் கையில் 2.5% இருக்கும், நாய்க்குக் கால் பங்கு மருந்துதான் போயிருக்கும்.

மாட்டு போலஸ், அதாவது பெரிய மாத்திரை, 1.5 கிராம் (1500 மி.கி.) மருந்தோடு வரும். அது 30 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு. 15 கிலோ நாய்க்குப் பாதி என்று உடைக்கலாம். அதற்குக் கீழே கண்ணளவில் உடைத்தால் கணக்கு நிற்காது. போலஸை நன்றாகப் பொடித்து, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் முழுப் பொடியையும் நிறுத்து, அதில் தேவையான பங்கைப் பிரித்தெடுங்கள். போலஸின் மொத்த எடை 1.5 கிராமை விட அதிகமாக இருக்கும், மாவும் பிணைப்புப் பொருளும் சேர்ந்ததால். ஆகவே பொடியின் எடையையே மருந்தின் எடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்தப் பொடியில் எத்தனையில் ஒரு பங்கு என்றுதான் பார்க்க வேண்டும்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுக்கலாம். வளரும் குட்டிக்குப் போன மாத எடை செல்லாது.

லேபிளைப் படிப்பது

வாங்கும்போது பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் பார்த்தால் போதாது. கீழே பொடி எழுத்தில் உள்ள சேர்மானத்தை முழுக்கப் படியுங்கள். ஃபென்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் சேர்ந்த போலஸ்கள் விற்பனையில் உண்டு. பெயரோடு பிளஸ், ஃபோர்ட் என்று ஒட்டியிருந்தால் உள்ளே இரண்டாவது மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். நாய்க்கான ஃபென்பெண்டசோல் அளவுக்கு அந்த போலஸைப் பொடித்துக் கொடுத்தால் ஐவர்மெக்டின் எக்கச்சக்கமாக உள்ளே போய்விடும். ஒரே ஒரு மூலப்பொருள் மட்டும் உள்ளதாக இருக்க வேண்டும். சேர்மானம் அழிந்துபோன பாட்டில், வேறு பாட்டிலுக்கு மாற்றி வைத்த மருந்து, தேதி முடிந்தது எதுவும் வேண்டாம். தீவனத்தில் கலக்கும் பொடியும் நக்குக் கட்டியும் நாய்க்குப் பயன்படாது. ஒரு வேளையில் எவ்வளவு போகிறது என்று சொல்லவே முடியாது.

கொடுக்கும் முறை

சஸ்பென்ஷன் நின்றால் மருந்து அடியில் படியும். குலுக்காமல் மேலாக எடுத்தால் முதல் நாய்க்குத் தண்ணீர் போலவும், கடைசி நாய்க்குக் குழம்பாகவும் போகும். மூடியை இறுக்கிப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். அடியில் வெள்ளைப் படிவு கொஞ்சமும் ஒட்டியிருக்கக் கூடாது. பல நாய்களுக்கு எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். மூடியிலும் கரண்டியிலும் அளப்பது அளப்பதே அல்ல.

பட்டினி போட்டுக் கொடுக்கும் பழக்கம் இந்த மருந்துக்குப் பொருந்தாது. சாப்பாட்டோடு போனால்தான் நன்றாக வேலை செய்யும். வழக்கமான உணவில் கால் பங்கை எடுத்து, அதில் மருந்தைப் பிசைந்து முதலில் வையுங்கள். தட்டு காலியானதும் மீதியை வையுங்கள். எல்லா நாய்க்கும் பொதுத் தொட்டியில் கலந்து வைத்தால் பலமுள்ளது இரட்டிப்பாகத் தின்னும், நோஞ்சான் பட்டினி கிடக்கும். நோஞ்சானுக்குத்தான் புழு அதிகம்.

சாப்பிட மறுத்தால் சிரிஞ்சை வாயின் ஓரத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பையில் வைத்து, ஒரு மில்லி, இரண்டு மில்லியாக விழுங்க விட்டு விட்டுச் செலுத்துங்கள். தலையை மேலே தூக்கி வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டுவது போல நாய்க்குப் புகட்டினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கும். அன்று இருமுவதோடு போகாது, இரண்டொரு நாளில் நிமோனியாவாகத் திரும்பி வரும்.

லேசான வாந்தி, ஒரு நாள் இளகிய மலம் வரலாம். புழு மூன்று நான்கு நாள்வரை மலத்தில் விழலாம். ஒரு புழுகூட விழவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. கொக்கிப்புழு சிறியது, கண்ணில் படாமல் போய்விடும். தைரியமாகத் தரக்கூடிய மருந்து என்பதற்காக வாரக்கணக்கில் நீட்டிக்க வேண்டாம். நீடித்த பயன்பாட்டில் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்ட நாய்கள் உண்டு.

நாடாப்புழுவும் சின்னக் குட்டியும்

தெள்ளுப்பூச்சி நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல்தான் மருந்து, கிலோவுக்கு 5 மி.கி., ஒரு வேளை. இதற்கு நாய் மாத்திரையையே வாங்குங்கள். குதிரைப் பேஸ்ட்டில் பிராசிகுவாண்டல் பெரும்பாலும் ஐவர்மெக்டின் அல்லது மாக்சிடெக்டினோடு சேர்ந்தே வரும். ஆட்டு மருந்திலும் கூட்டாளி இருக்கும். செத்த நாடாப்புழு குடலிலேயே கரைந்துவிடுவதால் மலத்தில் எதுவும் தெரியாது. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காவிட்டால் சில வாரங்களில் அரிசித் துண்டு மறுபடி வரும், மருந்தின் மேல் பழி விழும்.

குட்டிகளுக்குப் பைரண்டல் நல்லது. உருளைப்புழு, கொக்கிப்புழு இரண்டுக்கும் கேட்கும், சாட்டைப்புழுவுக்குக் கேட்காது. கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி.; இந்தக் கணக்கு பைரண்டல் பேஸுக்கு, அதாவது உப்பைக் கழித்த மூல மருந்துக்கு. லேபிளில் பைரண்டல் பமோயேட் 144 மி.கி. என்று இருந்தால் அதில் பேஸ் 50 மி.கி.தான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் போட்டால் அளவு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடுகிறது, கொக்கிப்புழு பாலில் போகிறது. அதனால் எல்லாக் குட்டிகளுக்கும் புழு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து தருவது வழக்கம். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. குட்டிக்குத் தரும் அதே நாள்களில் தாய்க்கும் தர வேண்டும். சினை நாய்க்கு 40-ஆம் நாளிலிருந்து ஃபென்பெண்டசோல் தரும் முறை ஒன்று உண்டு. அதை மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

ஈறு வெளுத்து, எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத குட்டிக்கு வீட்டில் புழு மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள். மருந்து புழுவைக் கொல்லும். போன இரத்தத்தைத் திருப்பித் தராது. அதற்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

ஐவர்மெக்டின்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒரு முறை தரும் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாட்டு ஊசி மருந்து 1%, அதாவது ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்கு வேண்டியது 60 மைக்ரோகிராம். அந்த ஊசி மருந்தில் அது 0.006 மில்லி. ஒரு மில்லி சிரிஞ்சில் உள்ள மிகச் சிறிய கோடே 0.01 மில்லி. அளக்க முடியாத அளவு இது. தண்ணீர் விட்டு நீர்க்க வைக்கலாம் என்றால் மருந்து தண்ணீரில் சீராகக் கலக்காது. ஒரு சொட்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சொட்டில் மொத்தமும் இருக்கும்.

மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மில்லி, அதாவது கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். பெரும்பாலான நாய்கள் அதைத் தாங்கிவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்ற பேச்சும் கூடவே வருகிறது. எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறுள்ள நாய்களுக்கு மூளைக்குள் மருந்து நுழையாமல் வெளியே தள்ளும் புரதம் வேலை செய்யாது. அவற்றுக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமிலேயே விஷக்குறி தொடங்கலாம், மாட்டு அளவில் நினைவிழந்து கோமாவுக்குப் போகும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லண்ட் ஷீப்டாக், ஓல்டு இங்கிலீஷ் ஷீப்டாக் இனங்களில் இது அதிகம். அவற்றின் கலப்பிலும் வரும். கலப்பு நாயைப் பார்த்து அதன் மரபணுவைச் சொல்ல முடியாது. அதற்கென்று பரிசோதனை உண்டு.

குதிரைப் பேஸ்ட் இன்னும் அடர்த்தி. 1.87% ஐவர்மெக்டின் பேஸ்ட்டில் ஒரு கிராம் எடுத்தால், 10 கிலோ நாயின் மாத அளவைப் போல 300 மடங்கு. மாக்சிடெக்டின் ஜெல் 2%. நாயின் அளவு கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்பதால் அங்கே 600 மடங்கைத் தாண்டும். நாய் தானாகவே இதைத் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம். குதிரை துப்பிய பேஸ்ட், வீசியெறிந்த காலிக் குழாய், மருந்து கொடுத்த விலங்கின் சாணம் எல்லாமே ஆபத்து. குதிரைக்கோ மாட்டுக்கோ மருந்து கொடுக்கும் அன்று நாயைக் கட்டிப்போடுங்கள், சில நாளைக்குச் சாணத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள்.

இரத்தத்தில் ஏற்கெனவே இதயப்புழுவின் குஞ்சுகள் இருக்கும் நாய்க்கு இதைக் கொடுத்தால் அவை மொத்தமாகச் செத்து, நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான். தெள்ளுப்பூச்சிக்கு ஸ்பினோசாட் மாத்திரை சாப்பிடும் நாய்க்கு அதிக அளவு ஐவர்மெக்டின் சேர்ந்தால் விஷத்தன்மை கூடும். இவ்வளவுக்கும், மாதாந்திரத் தடுப்பு அளவில் ஐவர்மெக்டின் குடற்புழுவைச் சரியாகக் கொல்வதுமில்லை. குடற்புழுவுக்காக மாட்டு ஐவர்மெக்டினைத் தேட ஒரு காரணமும் இல்லை.

தவறுதலாக மருந்து உள்ளே போய்விட்டால் தெரியும் அறிகுறிகள்: கண்மணி விரிவது, தள்ளாட்டம், எச்சில் வடிதல், நடுக்கம், பார்வை தெரியாமல் சுவரில் மோதுவது, பிறகு வலிப்பு. சில மணி நேரத்திலேயே தெரியலாம், அடுத்த நாளும் தெரியலாம். மாற்று மருந்து கிடையாது. அறிகுறிக்காகக் காத்திருக்காமல், பாட்டிலோடு, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்ற குறிப்போடு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கவும் மருத்துவக் கரி கொடுக்கவும் அவர்களால் முடியும். உப்புக் கரைசல் ஊற்றி வீட்டில் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தள்ளாடும் நாய்க்குத் தண்ணீர்கூடப் புகட்டக் கூடாது. மூச்சையும் உணவையும் பார்த்துக்கொண்டால் பல நாய்கள் மீண்டுவிடும், ஆனால் அதற்கு நாள்கள் ஆகும், சில சமயம் வாரங்கள்.

கிட்டேயே போகக் கூடாதவை

லெவாமிசோலில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அல்பெண்டசோல் ஃபென்பெண்டசோலின் உறவுதான் என்றாலும் நாயின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். பெயர் ஒலிப்பு ஒத்திருப்பதால் கடையில் ஒன்றுக்கு ஒன்று மாறிவிடும், பார்த்து வாங்குங்கள். தட்டைப்புழுவுக்கான குளோசண்டல் பார்வையைப் பறித்துவிடும். முதுகில் ஊற்றும் மருந்துகளை நாய் நக்கியே விழுங்கிவிடும். கால்நடை ஊசி எதையும் நாய்க்கு நீங்களே போட வேண்டாம்.

இரண்டாம் சுற்று

முதல் சுற்று குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். தசையில் ஒளிந்திருக்கும் குஞ்சுகள் பிறகு இறங்கி வரும். உருளை, கொக்கிப்புழுவுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து அதே மூன்று நாள் மருந்தை மீண்டும் கொடுங்கள். சாட்டைப்புழு முட்டையிலிருந்து முழுப்புழுவாக மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளும். அதற்கு 3 வாரத்திலும் 3 மாதத்திலும் திரும்பத் தர வேண்டும். மூன்றாம் மாதச் சுற்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மலத்தைத் தினமும் அள்ளுங்கள். உருளைப்புழு முட்டை தொற்றும் பருவத்தை எட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும், எட்டிவிட்டால் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். கொக்கிப்புழுவோ ஒரு வாரத்துக்குள்ளேயே தயாராகி, ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலிலும் நுழையும். குழந்தைகள் விளையாடும் மணல் பக்கம் நாயை விடாதீர்கள், மருந்து கொடுத்த பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்து முடிந்து 10 முதல் 14 நாளில் மலத்தை மறுபடி பரிசோதியுங்கள். முட்டை எண்ணிக்கை குறையவே இல்லையென்றால் முதலில் எடையையும் பாட்டிலின் சதவீதத்தையும் சரிபாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். அளவு சரியாக இருந்தும் கொக்கிப்புழு குறையவில்லை என்றால் மருந்துக்கு மசியாத புழுவாக இருக்கலாம். அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்டு நாய்களில் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கும் அசையாத கொக்கிப்புழு கண்டறியப்பட்டிருக்கிறது. அப்போது அளவைக் கூட்டிப் பார்ப்பது வழியல்ல. பரிசோதனை முடிவுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், வேறு வகை மருந்துகளைச் சேர்த்துத் தருவது பற்றிக் கேளுங்கள்.